காஸ்ட் அடைப்புக்கு உள்ளேயா, வெளியேயா? டிஸ்க் வேகம் அளக்கும் கருவியில் ஒரு வரித் திருத்தம்

ஒரே ஒரு வரி மாறியிருக்கும் பேட்ச்தான் (நிரலுக்கு அனுப்பும் திருத்தம்) ரிவியூவில் அதிக நேரம் கேட்கும், அதுவும் அளக்கும் கருவியில் வந்தால். மற்ற நிரல்களில் பிழை இருந்தால் எங்காவது நின்றுபோகும், அல்லது யாராவது புகார் சொல்வார்கள். டிஸ்க்கின் வேகத்தை அளக்கும் கருவியில் பிழை இருந்தால் திரையில் ஒரு எண் வரும். அது நல்ல எண்ணாகவே இருக்கும். அதை ரிப்போர்ட்டில் ஒட்டி, அதை நம்பி சர்வரும் வாங்கிவிடுவார்கள். வேலூர் மண்டித் தெருவில் ஒரு கடைத் தராசு 50 கிராம் தள்ளி நின்றால், அன்று அந்தக் கடையில் எடை போட்டது எல்லாமே தப்பு. ஆனால் சரக்கைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. அளவுக்கருவியின் பிழையும் அந்த வகைதான்.

காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம் பக்கம் அறையில் உட்கார்ந்து ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்கு முதல் பேட்ச் அனுப்பும் மாணவர்களையும், அதைப் பார்த்துச் சொல்லும் சீனியர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு ஒரு சின்னக் கருவியை எடுத்துக்கொள்வோம். சி மொழியில் எழுதியது. டிரைவைத் திறக்கும், ரேண்டமாக ஒரு பிளாக் எண்ணை எடுக்கும், அதைப் பிளாக் அளவால் பெருக்கி பைட் ஆஃப்செட் (டிரைவின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட் என்ற எண்) ஆக்கும், அந்த இடத்திலிருந்து 4 கேபி படிக்கும், எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துக்கொள்ளும். பிளாக் எண் 32 பிட் அன்சைன்டு, அதாவது மைனஸ் இல்லாத வகை. பிளாக் அளவும் அதே. ஆஃப்செட் 64 பிட்.

பிழை அந்தப் பெருக்கலில் இருக்கிறது. விடையை வாங்கும் மாறி 64 பிட் என்பதால் கண்ணுக்குப் படாது. ஆனால் சி மொழியில் பெருக்கல் எத்தனை பிட்டில் நடக்கும் என்பதைத் தீர்மானிப்பது பெருக்கப்படும் இரண்டு எண்கள்தான், விடை போய்ச் சேரும் இடம் அல்ல. 32 பிட்டை 32 பிட்டால் பெருக்கினால் விடை 32 பிட்டில் வெட்டுப்படும். வெட்டுப்பட்ட பிறகுதான் பெரிய மாறிக்குள் போய் உட்காரும். 4,29,49,67,296-ஐத் தொட்டதும் கணக்கு மறுபடி 0-விலிருந்து தொடங்கும். ஆக டிரைவ் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் கருவி படிப்பது முதல் 4 ஜிபியை மட்டும்தான் (இங்கே ஜிபி என்பது 1024 கணக்கு). 1 டிபி டிரைவில் அது மொத்த இடத்தில் 0.43 சதவீதம்.

கம்பைலர் இதைச் சொல்லாது. வழக்கமான எச்சரிக்கைகளை எல்லாம் திறந்துவிட்டாலும் ஜிசிசி வாயைத் திறக்காது, ஏனென்றால் சிறிய அகலத்திலிருந்து பெரிய அகலத்துக்குப் போவதில் அதன் பார்வையில் நஷ்டம் இல்லை. அன்சைன்டு எண் சுற்றி வருவது சி மொழியின் விதிப்படி முறையான நடத்தை, ஆகையால் விதிமீறலை ஓடும்போது பிடிக்கும் வழக்கமான யுபி சானிடைசரும் பிடிக்காது. கிளாங் கம்பைலரில் அன்சைன்டு ஓவர்ஃப்ளோவுக்கென்று தனியாக ஒரு சானிடைசர் உண்டு, அதைக் கேட்டு வாங்கிப் போட்டால்தான் பிடிக்கும். நிரலைப் படித்துக் குறை சொல்லும் கிளாங்-டைடியில் பெருக்கலின் விடை பிறகு அகலமாவதைச் சுட்டிக்காட்டும் ஒரு சோதனை இருக்கிறது. ஸ்டோரேஜ் சம்பந்தப்பட்ட எந்தத் திட்டத்திலும் அதை சிஐ-யில் (ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் ஏற்பாட்டில்) சேர்த்துவிடுவது நல்லது.

இதே இடத்தில் சைன்டு இன்ட் இருந்திருந்தால் பிழை முதல் நாளே வெளிப்பட்டிருக்கும். விடை பாதி நேரம் மைனஸில் போகும், மைனஸ் ஆஃப்செட்டைக் கொடுத்தால் கர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) செல்லாத மதிப்பு என்று திருப்பி அனுப்பும், திரை முழுக்க எரர் வரும். அன்சைன்டு என்பதால் எரர் இல்லாமல் ஓடுகிறது. பிளாக் அளவு மட்டும் சைஸ்-டி வகையாக (மெஷினைப் பொறுத்து அகலம் மாறும் வகை) இருந்திருந்தால் 64 பிட் மெஷினில் எல்லாம் சரியாக நடக்கும், 32 பிட் ஓஎஸ் போட்ட ராஸ்பெர்ரி பையில் மட்டும் மாட்டும். அதனால் "என் மெஷினில் சரியாக வருகிறது" என்ற வாக்கியத்துக்கு இந்தப் பிழையில் மதிப்பே கிடையாது.

இப்போது இந்தப் பெருக்கலைத் திருத்த ஒருவர் அனுப்பும் பேட்ச்சுக்கு வருவோம். முதலில் பார்க்க வேண்டியது காஸ்ட், அதாவது ஒரு எண்ணை வேறு வகைக்கு மாற்றச் சொல்லும் குறி, எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. பிளாக் எண்ணையும் அளவையும் அடைப்புக்குறிக்குள் பெருக்கிவிட்டு, அடைப்புக்கு வெளியே 64 பிட் காஸ்ட் போட்டிருந்தால் அந்தப் பேட்ச் எதையும் திருத்தவில்லை. வெட்டுப்பட்ட விடையைத்தான் அகலமாக்குகிறது. டிஃப்பில் பார்த்தால் பிழையைத் திருத்தியது போலவே இருக்கும், கமிட் செய்தியும் ஓவர்ஃப்ளோ திருத்தம் என்று சொல்லும், டெஸ்ட்டும் ஓடும். காஸ்ட் பெருக்கப்படும் இரண்டில் ஒன்றின் மேல், பெருக்கலுக்கு முன்னால் விழ வேண்டும். அப்போதுதான் மற்றதும் தானாக 64 பிட்டுக்கு ஏறும்.

இந்த இடத்தில் எழுதும் ரிவியூ குறிப்பு கருத்தாக இல்லாமல் சோதனையாக இருக்கட்டும். "தம்பி, இது தப்பு" என்று எழுதினால் எதிரில் இருப்பவருக்குக் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. "தம்பி, இந்த ஃபங்ஷனுக்குப் பிளாக் எண் 10,48,576, அளவு 4096 கொடுத்துப் பாருப்பா. 4,29,49,67,296 வரணும். இப்ப 0 வருது. காஸ்டை உள்ளே தள்ளிட்டு மறுபடி ஓட்டு" என்று எழுதினால் இரண்டு நிமிடத்தில் அவரே பார்த்துக்கொள்வார். அதற்கு முந்தைய எண்ணையும் கொடுக்கச் சொல்லுங்கள்: 10,48,575-க்கு 4,29,49,63,200 வர வேண்டும். இது பழைய கோடிலும் (நிரலிலும்) சரியாக வரும். எல்லையின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு எண்ணும் யூனிட் டெஸ்ட்டில் இருந்தால் பிழை எங்கே தொடங்குகிறது என்பது டெஸ்ட்டைப் படிப்பவருக்கே புரியும். ஆஃப்செட் கணக்கு பெரிய லூப்புக்குள் புதைந்திருந்தால் அதைத் தனி ஃபங்ஷனாக எடுக்கச் சொல்வது நியாயமான கோரிக்கைதான்.

காஸ்ட் சரியான இடத்தில் இருந்தாலும் அதோடு கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. என் கணிப்பில் காஸ்ட்டே இங்கே இரண்டாம்தர மருந்து. பிளாக் எண், பிளாக் அளவு இரண்டின் வகையையும் 64 பிட்டாக மாற்றுவதுதான் முறை, ஏனென்றால் அந்த எண் ஒரே இடத்தில் வாழ்வதில்லை. அது பிறக்கும் இடத்திலிருந்து முடியும் இடம் வரை பின்தொடர்ந்து போக வேண்டும். கமாண்ட் வரியில் 1டி என்று கொடுத்ததை எந்த ஃபங்ஷன் படிக்கிறது? ஏடிஓஐ படித்தால் அங்கேயே 32 பிட். 64 பிட்டில் படிக்கும் எஸ்டிஆர்-டிஓ-யுஎல்எல் வேண்டும். மொத்த பிளாக் எண்ணிக்கை எந்த வகை மாறியில் இருக்கிறது? லாக்கில் அச்சிடும்போது எந்த ஃபார்மட்? அங்கே பழைய 32 பிட் ஃபார்மட் நின்றுபோனால் படித்தது சரியான இடத்தை, லாக் காட்டுவது தப்பான இடத்தை என்று ஆகிவிடும்; பிறகு யார் சோதித்தாலும் குழம்புவார்கள். கர்னலுக்குள் போகும் வாசலில் கவலை குறைவு. கர்னலுக்கு ரீட் அனுப்பும் வழிகளான ஐஓ-யூரிங்கிலும் லிப்-ஏஐஓவிலும் ஆஃப்செட் 64 பிட்தான். பிரீட் (pread, சொன்ன ஆஃப்செட்டிலிருந்து படிக்கும் ஃபங்ஷன்) வழியாகப் போகும்போது மட்டும், 32 பிட் பில்டில் ஃபைல் ஆஃப்செட் 64 பிட் என்ற மேக்ரோவைக் கொடுத்திருக்கிறார்களா என்று மேக்ஃபைலில் பார்த்துவிட வேண்டும்.

நடுவில் இன்னொரு குறுகல் இருக்கிறது. பெரும்பாலானோர் தவறவிடுவது இதைத்தான். ரேண்டம் எண் எங்கிருந்து வருகிறது? லினக்ஸின் வழக்கமான சி நூலகமான ஜிலிப்சியின் ரேண்ட் ஃபங்ஷன் தரும் மிகப்பெரிய எண் 2,14,74,83,647. 4 கேபி பிளாக்கில் அது 8 டிபி வரை எட்டும், 512 பைட் பிளாக்கில் 1 டிபியோடு நின்றுவிடும். பெருக்கலைத் திருத்திய பிறகும், 2 டிபி டிரைவில் 512 பைட் டெஸ்ட் ஓட்டினால் பின்பாதியைக் கருவி தொடவே தொடாது. 32 பிட் முழுவதும் தரும் ஜெனரேட்டர் என்றால் இந்த எல்லைகள் இரட்டிப்பாகும், அவ்வளவுதான். எஃப்ஐஓ (fio) என்ற டிஸ்க் அளவுக்கருவியில் இதை நேராகவே கையாள்கிறார்கள்: வழக்கமான ஜெனரேட்டர் டவ்ஸ்வர்த், பிளாக் எண்ணிக்கை 32 பிட்டைத் தாண்டினால் தானாக 64 பிட் டவ்ஸ்வர்த்துக்கு மாறிவிடும்.

சதவீதக் குறி போட்டு மீதியை எடுக்கும் வழக்கத்திலும் ஒரு சாய்வு ஒளிந்திருக்கிறது. வழக்கமான 1 டிபி டிரைவில் 512 பைட் கொண்ட செக்டர்கள் 1,95,35,25,168, அதாவது 24,41,90,646 நான்கு-கேபி பிளாக்குகள். 32 பிட் ரேண்டம் எண்ணை இதால் வகுத்து மீதியை எடுத்தால், முதல் 14,37,26,314 பிளாக்குகளுக்கு 18 வாய்ப்பு கிடைக்கும், மற்றவற்றுக்கு 17 மட்டும். முன்பக்கத்துக்குக் கிட்டத்தட்ட 6 சதவீதம் கூடுதல். ஒரு சாதாரண ரீட் டெஸ்ட்டுக்கு இது பெரிய விஷயம் இல்லை, இந்தப் பேட்ச்சை இதற்காகத் தடுக்கவும் வேண்டாம். தனி இஷ்யூவாகப் போட்டு வைக்கலாம். ஆனால் 64 பிட் ஜெனரேட்டருக்கு மாறினால் இந்தச் சாய்வும் அளக்க முடியாத அளவுக்குச் சுருங்கிவிடும் என்பதால், இரண்டு வேலையும் ஒன்றாக முடியும்.

கடைசி பிளாக்கையும் ஒருமுறை பாருங்கள். மீதி எடுக்கும்போது பிளாக் எண்ணிக்கையோடு 1 கூட்டியிருந்தால் டிரைவின் முடிவுக்கு அப்பால் ஒரு ரீட் போகும். அங்கே பிரீட் எரர் தராது, 0 பைட் படித்தேன் என்று உடனே திரும்பும். திரும்பி வந்த எண் மைனஸ் இல்லை என்பதை மட்டும் பார்க்கும் கோடு அதை மிக வேகமாக முடிந்த ஒரு ரீட் என்று எண்ணிக்கொள்ளும். திரும்பி வந்தது கேட்ட அளவுக்குச் சமமா என்று பார்ப்பதுதான் சரியான சோதனை.

நிரலைப் படித்து முடித்த பிறகு ஓட்டிப் பார்க்கும் வேலை. பெரிய டிரைவ் கையில் இல்லை என்பது இங்கே தடையே இல்லை. ஆஃப்செட் சரியா என்று மட்டும் பார்க்க, போலி டிஸ்க் ஒன்றைக் காட்டும் கர்னலின் நல்-பிளாக் மாட்யூல் போதும். லோட் செய்யும்போது ஜிபி என்ற அளவுருவுக்கு 20000 கொடுத்தால் கிட்டத்தட்ட 20 டிபி டிவைஸ் ஒன்று உருவாகும். நிஜ இடம் எதையும் பிடிக்காது. அதில் வரும் லேட்டன்சிக்கு (ஒரு ரீட் முடிய ஆகும் நேரத்துக்கு) அர்த்தம் கிடையாது, ஆஃப்செட்டுக்கு மட்டும்தான் அது. ஸ்பார்ஸ் ஃபைலாக (பெரிய அளவு காட்டி நிஜ இடம் பிடிக்காத ஃபைல்) வேண்டுமென்றால் எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில் உருவாக்குங்கள். 4 கேபி பிளாக் உள்ள எக்ஸ்ட்4-இல் ஒரு ஃபைல் 16 டிபிக்கு மேல் வளராது. 4 கேபி பிளாக்கில் 32 பிட் பிளாக் எண் தீரும் எல்லை இருப்பதும் சரியாக அந்த 16 டிபியில்தான், ஆகையால் எல்லையைத் தாண்டிச் சோதிக்க அது உதவாது.

நிஜ டிரைவில் கருவி எங்கே படிக்கிறது என்பதைக் கருவியிடமே கேட்கக் கூடாது. கர்னலிடம் கேட்க வேண்டும். டிஸ்க்குக்குப் போகும் ஒவ்வொரு வேலையையும் பதியும் பிளாக்-டிரேஸை டிவைஸ் மேல் போட்டு, அதன் வெளியீட்டைப் படிக்கும் வரிகளாக்கும் பிளாக்-பார்ஸுக்குக் கொடுங்கள். ஒவ்வொரு வரியிலும் ஆறாவது பத்தியில் செயல் எழுத்து இருக்கும். டிரைவருக்கு அனுப்பப்பட்ட வேலைகளுக்கு அது டி. எட்டாவது பத்தி செக்டர் எண், அதை அடுத்து கூட்டல் குறியும் 8-ம் இருந்தால் அது 8 செக்டர், அதாவது 4 கேபி. எட்டாவது பத்தியின் மிகப்பெரிய எண்ணை மட்டும் பாருங்கள். பழைய பைனரியை ஓட்டினால் ஒரு எண்ணும் 83,88,608-ஐத் தொடாது, ஏனென்றால் 4 ஜிபி என்பது அத்தனை செக்டர். திருத்திய பைனரியில் அது 195 கோடிக்குப் பக்கம் போக வேண்டும். ஓட்டுவது முழு டிவைஸ் மேல்தான், பார்ட்டிஷன் மேல் அல்ல. பார்ட்டிஷன் என்றால் அது தொடங்கும் செக்டரையும் கணக்கில் சேர்க்க வேண்டி வரும்.

மிகப்பெரிய எண் சரியாக இருந்தாலும் நடுவில் ஓட்டை இருக்கலாம். செக்டர் எண்களை டிரைவின் நீளத்தில் 16 சம பாகமாகப் பிரித்து எண்ணிப் பாருங்கள். 1,60,000 ரீட் ஓடியிருந்தால் பாகத்துக்கு 10,000 வரணும், தற்செயலான ஏற்ற இறக்கம் நூறு சுமார். 300-க்கு மேல் விலகினால் காரணம் தேட வேண்டும். மேலே சொன்ன மீதிச் சாய்வு இந்தச் சோதனையில் கண்ணுக்கு நேராகத் தெரியும்: முதல் 9 பாகங்கள் 10,230-ஐ ஒட்டி நிற்கும், பத்தாவது நடுவாக இருக்கும், கடைசி 6 பாகங்கள் 9,670-க்கு இறங்கிவிடும். டிரைவில் கோளாறு இல்லை, ஜெனரேட்டரில்தான் என்று அடித்துச் சொல்ல இந்த ஒரு அட்டவணை போதும்.

இனி வேகம். இந்தத் திருத்தத்துக்குப் பிறகு எண் குறையும். குறையத்தான் வேண்டும். எவ்வளவு குறையும் என்பதை ஓட்டுவதற்கு முன்பே கணக்குப் போட்டு ரிவியூவில் எழுதிவிடுவது ரிவியூ செய்பவர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி. ஓட்டிய பிறகு வந்த எண்ணுக்குக் காரணம் கண்டுபிடிப்பது யாருக்கும் எளிது. எந்த எண் வந்தாலும் ஒரு காரணம் கிடைத்துவிடும்.

ஹார்ட் டிஸ்க்கில் கணக்கு நேரானது. 7200 ஆர்பிஎம் தட்டு ஒரு சுற்றுக்கு 8.33 மில்லி வினாடி எடுக்கும், சராசரிக் காத்திருப்பு அதில் பாதி, 4.17. முழு டிரைவிலும் ரேண்டமாக அலைந்தால் சராசரி சீக் (படிக்கும் கை இடம் மாற ஆகும் நேரம்) 8.5 சுமார். மொத்தம் 12.7 மில்லி வினாடி, வினாடிக்கு 79 ரீட். முதல் 4 ஜிபிக்குள்ளேயே சுற்றினால் கை அசையும் தூரம் மிகக் குறைவு, சீக் 1 மில்லி வினாடி அளவுக்கு இறங்கும். மொத்தம் 5.2, வினாடிக்கு 190 சுமார். திருத்திய பிறகு 190 என்பது 80-க்குப் பக்கம் விழ வேண்டும். விழாவிட்டால் பேட்ச் வேலை செய்யவில்லை.

எஸ்எஸ்டியில் காரணம் வேறு. எந்த லாஜிக்கல் பிளாக் ஃபிளாஷில் எங்கே இருக்கிறது என்ற மேப்பை டிரைவ் வைத்திருக்கிறது. 4 கேபிக்கு 4 பைட் என்ற பொதுக் கணக்கில் 1 ஜிபிக்கு 1 எம்பி மேப், 1 டிபிக்கு 1 ஜிபி. தன்னிடம் அவ்வளவு டிராம் இருக்கும் டிரைவ் மேப் முழுவதையும் கையில் வைத்துக்கொள்ளும். விலை குறைந்த, டிராம் இல்லாத என்விஎம்இ டிரைவ்கள் கம்ப்யூட்டரின் ராமிலிருந்து சில பத்து எம்பியை ஹோஸ்ட் மெமரி பஃபராக வாங்கிக்கொள்கின்றன. 4 ஜிபிக்கான மேப் 4 எம்பிதான், அது அதில் தாராளமாக அடங்கும். முழு டிரைவுக்கும் அலைந்தால் அடங்காது. பல ரீட்டுகளில் முதலில் ஃபிளாஷிலிருந்து மேப்பைப் படித்து, பிறகு டேட்டாவைப் படிக்க வேண்டும். ஆக டிராம் இல்லாத டிரைவில் நல்ல சரிவும், டிராம் உள்ளதில் சின்னச் சரிவும் எதிர்பார்க்கலாம். ஒடைரக்ட் (ராமில் சேமிக்காமல் நேராக டிஸ்க்கிலிருந்து படிக்கச் சொல்லும் ஆப்ஷன்) இல்லாமல் ஓட்டினால் இந்த வித்தியாசமெல்லாம் மறைந்துவிடும்: 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் அந்த 4 ஜிபி முழுவதும் பேஜ் கேஷில் ஏறிக்கொள்ளும், அளப்பது ராமின் வேகம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. திருத்திய பிறகு எஸ்எஸ்டியில் எண் குறையாமல் கூடலாம். டிரைவ் காலியாக இருந்தால், இதுவரை எழுதப்படாத அல்லது டிரிம் செய்யப்பட்ட (இனி தேவையில்லை என்று ஓஎஸ் சொல்லிவிட்ட) பிளாக்குகளைப் படிக்கச் சொன்னால் டிரைவ் ஃபிளாஷைத் தொடாமலே பூஜ்யங்களைத் திருப்பித் தரும். பழைய கருவி தொட்ட முதல் 4 ஜிபியில் டேட்டா இருந்தது, புதியது தொடும் பின்பகுதி வெறுமை. அதனால் வேகம் ஏறும், பேட்ச் அனுப்பியவர் திருத்தத்தால் பெர்ஃபார்மன்ஸ் கூடியது என்று எழுதுவார். டிரைவ் முழுவதையும் ஒருமுறை சீக்குவென்ஷியலாக எழுதி நிரப்பாமல் எடுத்த எந்த எண்ணையும் ஏற்க வேண்டாம். நிரப்புவது அதில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கும். ஓஎஸ் இருக்கும் டிரைவில் செய்யக் கூடாது, சோதனைக்கென்று தனி டிரைவ் வேண்டும்.

கணக்கும் கருவியும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க மூன்றாவது சாட்சியாக எஃப்ஐஓவைக் கூப்பிடலாம். லினக்ஸின் பிளாக் லேயரைப் பராமரிக்கும் ஜென்ஸ் ஆக்ஸ்போ எழுதியது, வருடக்கணக்காகத் தேய்ந்து பதம் பார்க்கப்பட்டது. ரேண்ட்ரீட், பிளாக் 4கே, ஐஓ டெப்த் (ஒரே நேரத்தில் அனுப்பி வைக்கும் ரீட்டுகளின் எண்ணிக்கை) 1, டைரக்ட் 1, எஞ்சின் பிசிங்க், டைம்-பேஸ்டு, ரன்டைம் 60 என்று கொடுங்கள். கூடவே ரீட்-ஒன்லி ஆப்ஷனையும் போட்டால் கைத்தவறி ரைட் போனாலும் அது மறுத்துவிடும். நோ-ரேண்டம்-மேப் என்பதை மறக்க வேண்டாம். எஃப்ஐஓ இயல்பாகவே எந்த பிளாக்கைத் தொட்டோம் என்று மேப் வைத்து, ஒன்றைத் தொட்ட பிறகு எல்லாம் முடியும் வரை மறுபடி தொடாது. நம் கருவி அப்படிச் செய்வதில்லை. ஒப்பிடுவதற்கு இரண்டும் ஒரே மாதிரி நடக்க வேண்டும்.

இப்போது நான்கு ஓட்டம். சைஸ் 4ஜி என்று கொடுத்து எஃப்ஐஓ ஒன்று, முழு டிவைஸுக்கும் எஃப்ஐஓ ஒன்று, நம் கருவியின் பழைய பைனரி ஒன்று, புதியது ஒன்று. பழைய பைனரி முழு டிரைவில் ஓடியதாகச் சொன்ன எண், எஃப்ஐஓவின் 4 ஜிபி எண்ணோடு பொருந்த வேண்டும். புதிய பைனரியின் எண் எஃப்ஐஓவின் முழு டிரைவ் எண்ணோடு பொருந்த வேண்டும். இரண்டு பொருத்தமும் சில சதவீதத்துக்குள் வந்துவிட்டால் பிழை இன்னதுதான், திருத்தம் இதற்குத்தான் என்று இரண்டும் நிரூபணமாகிவிடும். புதியது மட்டும் பொருந்திப் பழையது பொருந்தாவிட்டால் பழைய கோடில் இன்னொரு பிழையும் இருக்கிறது என்று அர்த்தம். ரிவியூவில் எனக்குப் பிடித்த ஆதாரம் இந்த நான்கு எண்கள்தான். பக்கம் பக்கமாக விளக்கம் எழுதுவதைவிட இது பேசும்.

ஓட்டும் வரிசையும் முக்கியம், அதிலும் நம் ஊரில். பழையதை எல்லாம் காலையில் ஓட்டி, புதியதை எல்லாம் மதியம் ஓட்டினால் அளந்தது நிரலை அல்ல, வெயிலை. மே மாதத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். ஏசி இல்லாத அறையில் எம்.2 டிரைவ் ஏற்கெனவே சூடாகத்தான் தொடங்கும். டெப்த் 1-இல் 4 கேபி ரேண்டம் ரீட்டுக்குச் சூடு பெரிதாக ஏறாது. ஆனால் அதற்கு முன் டிரைவை நிரப்ப ஓட்டிய நீளமான ரைட், டெப்த் 32 ஓட்டங்கள் ஆகியவை ஏற்றிவிடும், கண்ட்ரோலர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். பழையது, புதியது, புதியது, பழையது என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள். மெதுவாக ஏறும் சூடு இரண்டுக்கும் சமமாகப் பங்காகும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னும் பின்னும் என்விஎம்இ ஸ்மார்ட்-லாக்கை எடுத்து வெப்பநிலையையும், தெர்மல் மேனேஜ்மென்ட் டிரான்ஸிஷன் எண்ணிக்கையையும் பாருங்கள். நடுவில் அந்த எண்ணிக்கை கூடியிருந்தால் அந்த ஓட்டத்தைத் தள்ளிவிட வேண்டியதுதான். லேப்டாப்பில் ஓட்டுபவர்கள் கரன்ட் போன நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்: பேட்டரிக்கு மாறியதும் சிபியு வேகம் இறங்கும், சின்ன ரீட்டின் லேட்டன்சியில் அது அப்படியே தெரியும். சிபியு வேகத்தைத் தீர்மானிக்கும் கவர்னரை பெர்ஃபார்மன்ஸில் வைத்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

பேட்ச்சில் கூடவே வந்த ஒட்டுவேலைகளுக்கு ஒரு வார்த்தை. ஆஃப்செட்டைத் திருத்தும் அதே கமிட்டில் கெட்-டைம்-ஆஃப்-டே-யை எடுத்துவிட்டு மோனோடோனிக் கிளாக்கைப் போட்டிருந்தால், அதுவும் நல்ல மாற்றம்தான். நெட்வொர்க் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி கடிகாரத்தைத் தள்ளினால் லேட்டன்சி மைனஸில் போவது அதனால் நிற்கும். இருந்தாலும் தனி கமிட்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். எண் மாறப்போகும் இரண்டு காரணங்கள் ஒரே கமிட்டில் இருந்தால், எதனால் எவ்வளவு மாறியது என்று நாளைக்கு பைசெக்ட் செய்பவருக்கு (எந்தக் கமிட்டில் மாறியது என்று பாதி பாதியாகத் தேடுபவருக்கு) சொல்ல வழியில்லை. மாறிப் பெயர் மாற்றம், இன்டென்ட் திருத்தம் எல்லாம் அதற்கும் தனி.

சிஐ-யில் வேகம் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் தடுத்துவிடும் ஒரு வாயில் இருந்தால் இந்த பேட்ச் அதில் முட்டிக்கொள்ளும். அந்தச் சமயத்தில் வாயிலைத் தளர்த்துவது தவறு. ஒப்பிடப் பயன்படும் பேஸ்லைன் எண்ணையே புதிதாக எடுத்து, அதே மெர்ஜில், ஏன் மாறியது என்ற குறிப்போடு சேர்க்க வேண்டும்.

கமிட் செய்தியில் இருக்க வேண்டியது: எந்த அளவுக்கு மேல் பிழை வரும் (டெஸ்ட் பரப்பு 4 ஜிபியைத் தாண்டினால்), எது பாதிக்கப்படவில்லை (அதற்குள் அடங்கிய ஃபைல் டெஸ்ட்டுகள், சீக்குவென்ஷியல் டெஸ்ட் தனிக் கோடில் 64 பிட்டில் ஓடினால் அதுவும்), எந்தப் பதிப்பிலிருந்து பிழை இருக்கிறது, அளந்த டிரைவின் மாடலும் ஃபர்ம்வேரும், கர்னல் பதிப்பு, டிரைவ் நிரப்பப்பட்டதா, டைரக்டா இல்லையா, கொடுத்த முழுக் கட்டளை. பழைய பதிப்பில் எடுத்து எங்கேயோ சேமித்து வைத்த எண்களைப் புதியவற்றோடு ஒரே வரைபடத்தில் போடக் கூடாது என்ற வரி ரிலீஸ் குறிப்பில் தனியாக வேண்டும். இதற்காகவே கருவி தன் பதிப்பு எண்ணை ஒவ்வொரு வெளியீட்டின் தலையிலும் அச்சிட வேண்டும். இதுவரை அச்சிடவில்லையென்றால் சேர்க்க இதுதான் நேரம்.

வகையை மாற்றியதால் ஸ்ட்ரக்டின் அளவும் மாறியிருக்கும். அந்த ஸ்ட்ரக்டை அப்படியே பைனரி லாக்கில் எழுதினாலோ, ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்கு நெட்வொர்க்கில் அனுப்பினாலோ, பழைய பதிப்பு ஒரு பக்கமும் புதியது மறுபக்கமும் இருக்கும்போது ஃபீல்டுகள் இடம் மாறிப் படிக்கப்படும். எஃப்ஐஓவின் கிளையன்ட்-சர்வர் முறையில் இதற்கென்று ஒரு புரோட்டோகால் பதிப்பு எண் ஹெடரில் இருக்கிறது, ஸ்ட்ரக்ட் மாறும்போது அதை ஒன்று கூட்டுவார்கள். பதிப்பு பொருந்தாத இரண்டு முனைகள் ஒன்றோடொன்று பேச மறுத்துவிடும். நம் கருவியில் அப்படி ஒரு எண் இருந்தால் அது கூடியிருக்கிறதா என்று டிஃப்பில் பாருங்கள். நிலையான பழைய கிளைக்கு இதே திருத்தத்தை எடுத்துப்போகும்போது மட்டும் ஸ்ட்ரக்டைத் தொடாமல், பெருக்கும் இடத்தில் காஸ்டை மட்டும் உள்ளே போட்ட சிறிய வடிவத்தைக் கேளுங்கள். அங்கே புரோட்டோகாலை உடைக்க அனுமதி இல்லை.